சுவரில் தொங்கும் பெடியன்

இந்தக் கிழமைக் கடிதம் கொஞ்சம் நீளமானது. ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 37 வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை. 1998இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை ஒருவரும் எடுக்காத புள்ளி எடுத்தேன். மாலை போட்டு, பாண்ட் வாத்தியத்தோடு சந்தி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் படம் வந்தது. அப்பா அதை வெட்டிச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டி, ‘தோன்றிற் புகழொடு தோன்றுக’ என்று கீழே தன் கையால் எழுதி வைத்தார். உயர்தரம் மூன்று தரம் எடுத்தும் மருத்துவம் கிடைக்கவில்லை. அப்பா இப்போது இல்லை. படம் இருக்கிறது.

காலையில் வேலை, பின்னேரம் மாமாவின் தோட்டத்தில் தண்ணி மாறுவது, இரவு பிள்ளையோடு. உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கம். என்னோடு படித்து டொக்டரானவர்களை எங்கேயாவது கண்டால் அம்மா கண்கலங்குவார். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் போய்ப் பல வருடம். அயல் பிள்ளைகள் கணக்குக் கேட்டு வந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுவேன். மகன் அடுத்த வருடம் புலமைப்பரிசில் எடுக்கிறான். போன கிழமை அந்தப் படத்தைக் காட்டி, ‘அப்பா, இது ஆர்?’ என்று கேட்டான். தோற்றுப்போனவன் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறேனா, இல்லை உண்மையாகவே நிம்மதியாக இருக்கிறேனா? எப்படித் தெரிந்துகொள்வது?”

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உளவளத்துணை என்ற என் தொழிலுக்குரிய கேள்விகளைக் கேட்டு முடித்துவிடுகிறேன். நித்திரை ஒழுங்காக வருகிறதா? சாப்பாடு செல்கிறதா? காலையில் எழும்பவே மனமில்லாத நாட்கள் இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து வருகின்றனவா? மனச்சோர்வு சிலவேளை ‘எனக்கு எதுவும் பெரிதாக வேண்டாம்’ என்ற வேடம் கட்டிக்கொண்டு வரும். பார்க்கிறவர்களுக்கு அது பக்குவம் மாதிரித் தெரியும், உள்ளே ஆள் வற்றிக்கொண்டு போவார். அப்படி ஏதாவது இருந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராமல் பக்கத்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போக மனமில்லையென்றால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த வாடை எனக்கு அடிக்கவில்லை. நான்கு பக்கத்தில் ஒன்றேகால் பக்கம் தோட்டத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். இங்கே அதைச் சுருக்க வேண்டி வந்ததில் எனக்குக் கவலைதான். மோட்டரைப் போட்டுவிட்டு வாய்க்கால் வழியே தண்ணிக்கு முன்னால் நடந்து போவீர்களாம். காய்ந்த செம்மண்ணில் தண்ணி உடனே ஓடாதாம். ஓரிடத்தில் நின்று, சின்னச் சின்னக் குமிழி விட்டு, ‘உஸ்’ என்று உறிஞ்சுப்பட்டுப் பிறகுதான் நகருமாம். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண் எடுத்து அதன் வாயை அடைத்து, அடுத்ததன் வாயைத் திறந்துவிடுவீர்கள். “அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் ஆரென்று எனக்கே ஞாபகம் வருவதில்லை” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே “மன்னிக்கவும், கேள்விக்கு வருகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, மன்னிப்புக் கேட்கிற அந்த இடத்தில்தான் உங்கள் கேள்வியே இருக்கிறது.

நிம்மதியா, தேற்றலா என்று கேட்டீர்கள். இரண்டும் இருக்கின்றன, ஆனால் வேறு வேறு இடத்தில். தோட்டத்தில் இருப்பது நிம்மதி. விறாந்தையில் இருப்பது தேற்றல். விறாந்தையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகக் கதைக்க வேண்டும்.

அதற்கு முன்னால் என் பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. உளவளத்துணைக்கு வருவதற்கு முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் நான் ஆசிரியை. உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மாலை போட்ட கைகளில் என்னுடையதும் ஒன்று. “இந்தப் பிள்ளை நாளைக்கு இந்த மண்ணுக்கே பெயர் வாங்கித் தரும்” என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். முன்வரிசைக் கதிரையில் கால் நிலத்தில் எட்டாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளைக்கு நான் அன்று சொன்னது எவ்வளவு பெரிய கடன் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தப் பரீட்சை பிள்ளைகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க வந்ததுமில்லை. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் காலத்தில், 1940களில், வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் ஓர் இடமும் கொடுப்பதுதான் நோக்கம். படிக்கப் போவதற்கான உதவி. போய்ச் சேர்ந்ததற்கான பரிசாக அதை மாற்றியது நாங்கள். மாலையும் பாண்டும் படமும் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

நீங்கள் பத்து வயதில் பிரபலமானீர்கள். ஊர் அளவில்தான், ஆனால் பத்து வயதுக்காரனுக்கு ஊரே உலகம். பிரபலம் என்பதை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களிடமிருந்துதான் நான் கொஞ்சம் படித்தேன். அதில் ஒன்றைச் சொல்கிறேன். யூரியூப்பில் பெயர் எடுத்த ஒரு தம்பி, எங்கள் பகுதிப் பெடியன்தான். ஊர்ச் சமையல், சந்தை, கோயில் என்று எடுத்துப் போடுவார். பார்ப்பதற்குக் கனடாவிலும் லண்டனிலும் ஏராளம் சனம். அவருடைய தாய் தவறிவிட்டார். காடாத்து முடிந்து கீரிமலையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு ஈரவேட்டியோடு படியேறி வந்திருக்கிறார். இரண்டு பெடியள் ஓடிவந்து செல்பி கேட்டார்களாம். “நான் சிரிச்சிட்டன், அக்கா” என்றார் என்னிடம். “கமெராவைக் கண்டதும் வாய் தானாகச் சிரிச்சிட்டுது.” அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார், தாய் செத்ததற்கு அன்றுதான் முதல்முறையாக. அந்தப் பெடியளில் பிழையில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு சிரித்த முகம் மட்டும்தான்; அதைத்தான் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் தெரியாத ஆளாக இருக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். எந்த ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினாலும் “நீர் ஆற்றை பெடியன்?” என்ற கேள்வி வேலிக்கு மேலால் வரும். ஆகையால் சாதாரண ஆள் என்றால் முகமில்லாத ஆள் என்று நான் நினைக்கவில்லை. உங்களை ஒரு நாற்பது பேருக்கு நன்றாகத் தெரியும். மீன் சந்தையில் பேரம் பேச வராதவர் என்று ஒருவருக்குத் தெரியும். அலுவலகத்தில் கோப்புத் தொலைந்தால் உங்களிடம்தான் வருவார்கள். மாமாவுக்கு நீங்கள் வரம்பு கட்டுவதில் இன்னும் திருப்தியில்லை. உங்கள் மனைவிக்கு நீங்கள் குறட்டை விடுவது தெரியும். நாற்பது பேருக்கும் நாற்பது விதமாகத் தெரிகிற ஆள், நாளைக்கு வேறு மாதிரி நடந்தால் யாருக்கும் இடிவிழாது. பிரபலமான ஆளை ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரித் தெரியும். அவர் அந்த ஒன்றிலிருந்து அசைந்தால் ஆயிரம் பேருக்கும் கோபம் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரிய வைத்தியர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதை விட்டுவிட்டார். நல்லூரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆண்கள் எல்லோரும் மேல்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். அர்ச்சனைச் சீட்டு யாருக்கும் ஒரு ரூபா. ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாமல் போவதற்கு இதைவிட நல்ல இடம் எங்களிடம் இல்லை. அங்கேயும் விடமாட்டார்களாம். கூப்பிய கைக்குள் யாரோ இரத்தப் பரிசோதனை அறிக்கையைச் செருகி “டொக்டர், இதை ஒருக்காப் பாருங்கோ” என்பார்களாம். நல்ல மனிதர், பார்த்தும் சொல்லியிருக்கிறார், அதுவும் சுவாமி வெளிவீதி வருகிற நேரத்தில். உங்கள் அம்மா கண்கலங்குவது இவரைப் போன்றவர்களைக் கண்டுதான். நீங்களோ போன ஆவணியில் தேர் வடத்தில் கை வைக்க இடம் கிடைத்ததை அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைக்கு முன்னால் இருந்த கை யாருடையது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது.

அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் சரிதானே என்று கேட்பீர்கள். சரியில்லை. நீங்கள் இன்னும் முழுதாகச் சாதாரண ஆளாகவில்லை. ஊர் உங்களை மறந்து 20 வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டுக்குள் மட்டும் நீங்கள் இன்னும் பிரபலம். கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன ஒரு விசயம்தான் இதை எனக்குக் காட்டியது: கணக்குக் கேட்டு வரும் பிள்ளைகளைச் சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுவது. ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். ‘டொக்டராகாதவனிடம் படிக்கப் போகிறதா?’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அல்லது பழைய கெட்டித்தனம் இப்போது இல்லை, ஒரு கணக்கில் தடுமாறி நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு பயமும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிற பெடியனுடையவை. முதலாம் இடம் வராத எதையும் செய்யக்கூடாது என்று நினைப்பவன் அவன். 37 வயது ஆளுக்கு அந்தக் கட்டாயம் ஒன்றும் இல்லை. கணக்குத் தெரியாவிட்டால் “பொறு, யோசிச்சுப் பாப்பம்” என்று சொல்லிக் கொப்பியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வரம்பு கோணலாகக் கட்டுகிறீர்கள் என்று மாமா ஏசும்போது உங்களுக்குக் கூச்சம் வருவதில்லையே. தோட்டத்தில் உங்களுக்கு ஒரு பெயரும் இல்லை, அதனால் கோணலாகவும் கட்டலாம். அந்தச் சுதந்திரம் கொப்பிக்கும் பென்சிலுக்கும் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை: அந்தப் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம், விறாந்தையில், காசில்லாமல், மூன்று நான்கு பேர். அதற்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் யாராவது வந்து “ஹோல் எடுத்து நடத்துங்கோ தம்பி” என்பார்கள். பிறகு ரியூசன் மதிலில் உங்கள் படமும் ஒட்டப்படும், நான் திரும்பவும் உங்களுக்கு முதலிலிருந்து கடிதம் எழுத வேண்டி வரும்.

அப்பா எழுதி வைத்த குறளுக்கு வருகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு வடுவாக இருக்கிறது என்று தெரிகிறது. “தோன்றிற் புகழொடு தோன்றுக அஃதிலார் தோன்றலின் தோன்றாமை நன்று.” பரிசளிப்பு விழாக்களில் இதை வெட்டரிவாள் மாதிரிப் பிள்ளைகளின் தலைக்கு மேலே தொங்கவிடுகிறோம். அந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லறவியலில், ‘ஈகை’ என்ற அதிகாரத்துக்கு அடுத்தது ‘புகழ்’. அதன் முதற் குறளே ஈதலில்தான் தொடங்குகிறது. இரப்பவருக்கு ஒன்றைக் கொடுப்பவர் மேல் நிற்பதுதான் புகழ் என்கிறது இரண்டாவது. பரிமேலழகரும் ‘புகழொடு’ என்பதற்குப் புகழுக்குக் காரணமான குணத்தோடு பிறப்பது என்றுதான் பொருள் சொல்கிறார். பத்திரிகைப் படத்தைப் பற்றி வள்ளுவர் எதுவும் சொல்லவில்லை. அப்பா இதைத் தெரியாமல் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. மகன் மேல் பெருமைப்பட்ட ஒரு மனிதர் கைக்கு எட்டிய குறளை எழுதினார். நீங்கள் 27 வருடமாக அதைத் தீர்ப்பு மாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கையெழுத்தாகவும் வாசிக்கலாம். அவர் ‘ழ’ எப்படி எழுதுவார் என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

ஒன்றுகூடல் விசயம் சின்னது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச்சும் அவரோடு வேலை செய்தவர்களும் செய்தது. மாணவருக்கு, போட்டால் வெட்கப்படக்கூடிய மாதிரி ஒரு பாடகரின் பெரிய முகம் அச்சடித்த ரீசேட்டைப் போட்டுவிட்டு, வேறு மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டால், ஏறக்குறைய அரைவாசிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது அதில் பாதியளவுதான். சரி, எங்கள் சனம் அமெரிக்க மாணவரைவிடக் கூடுதலாகவே கவனிக்கும் என்று வைத்துக்கொள்வோம். என்றாலும் ஒன்றுகூடலில் உங்களைக் கண்டதும் 1998ஐ நினைக்கப் போகிறவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவரவர் தலைமயிர் கொட்டியதும் தொந்தி வைத்ததும்தான் கவலை. “மச்சான், இப்ப என்ன செய்யிறாய்?” என்று கேட்டால் வேலையின் பெயரை ஒரு வசனத்தில் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். மூன்று தரம் எடுத்தது, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி எவ்வளவால் தவறியது என்ற விளக்கம் கேட்காமலே கொடுக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கே முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக அவரிடம் அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். அரை மணித்தியாலம் உங்களுக்கு வாய் திறக்கத் தேவை வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த முக்கால் பக்கத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று. முதல் தரம் உயர்தரம் எடுத்தது 2007 என்று எழுதியிருக்கிறீர்கள். 2006 ஆவணியில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை, சண்டையால் முகமாலையில் மூடப்பட்டது. பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, பின்னேரமானால் ஊரடங்கு. அந்த வருடம் இங்கே விளக்கு வெளிச்சத்தில் படித்த ஒரு தலைமுறையே இருக்கிறது. இதை நான் உங்களுக்குச் சாட்டாகத் தரவில்லை, அதே விளக்கில் படித்து மருத்துவம் போனவர்களும் உண்டு. ஆனால் நடந்தது நடந்ததுதானே, கணக்கில் அதையும் எழுத வேண்டும்.

இதை எடுத்ததற்கு உங்கள் அம்மாதான் காரணம். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது அவராகத்தான் இருக்க வேண்டும். டொக்டரைக் கண்டு கண்கலங்குவதை உங்கள் மேல் உள்ள குறை என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த வயதுத் தாய்மார் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அழுவது மகனுக்காக அல்ல. தாங்கள் பட்ட பாடு எங்கே போனது என்று தெரியாமல். அம்மாவோடு வாதாட வேண்டாம், ‘நான் சந்தோசமாகத்தான் இருக்கிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். அந்த வார்த்தை அவருக்குக் கேட்காது. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அந்த வரிசையைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் போய் நின்றார், யார் யார் கூட நின்றார்கள், போத்தலா கானா கொண்டு போனது என்று. ஒரு தாய் பட்ட பாட்டைப் பிள்ளை உட்கார்ந்து கேட்பது எங்கள் வீடுகளில் எவ்வளவு அரிதாக நடக்கிறது தெரியுமா? கேட்ட பிறகும் அவர் அழலாம், அது வேறு அழுகை.

மகன். இதில்தான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம். “அவனை அழுத்தமாட்டேன், ஆனால் கெட்டிக்காரன், என்னைப் போல” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் சொற்களை அவன் காதில் போடவே வேண்டாம். நீங்கள் பரீட்சை எழுதிய அதே 1998இல் குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வடிவப் புதிர்கள் செய்த பிறகு ஒரு குழுவிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘நன்றாக முயற்சி செய்தாய்’ என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துச் சறுக்கவிட்டார்கள். கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் கையை விட்டார்கள், விருப்பமும் குறைந்தது, அடுத்த முறை இலகுவான புதிர்களையும் குறைவாகவே செய்தார்கள். தங்கள் புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். ஒரே ஒரு வசனம் செய்த வேலை. உங்களுக்கு ஒரு பாண்ட் வாத்தியமே வாசித்தார்கள்.

அவன் பரீட்சை எழுதட்டும், நன்றாகவே எழுதட்டும். முடிவு வந்த அன்று புள்ளி எதுவானாலும் பின்னேரம் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாத்திக்குத் தண்ணி மாறவிடுங்கள். பாத்தியின் வாயை அவனுக்கு அடைக்கத் தெரியாமல் தண்ணி உடைத்துக்கொண்டு போகும், மாமா ஏசுவார். ஏசட்டும்.

கடைசியாக அந்தப் படம். கழற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது தெரிகிறது. அம்மா இருக்கும் வரைக்கும் கழற்ற வேண்டாம். அது அவருடைய சுவரும்தான். “மாலைக்குள்ளே முழிசிக்கொண்டு நிற்கிறேன்” என்று அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெடியனுக்குப் பக்கத்தில் இன்னொரு படத்தை மாட்டுங்கள், இப்போதைய படம், தோட்டத்திலோ அலுவலகத்திலோ எடுத்தது. அவனும் 27 வருடமாகத் தனியாகத்தான் நிற்கிறான்.

மகன் ‘இது ஆர்?’ என்று கேட்டதைப் படித்தபோது எனக்கு நல்லூர்த் தேரடி ஞாபகம் வந்தது. அங்கே இருந்த செல்லப்பா சுவாமி, பின்னால் தன் சீடராகிப் பெரிய சுவாமியாக அறியப்பட்ட யோகரைக் கண்டதும் முதலில் கேட்டது “ஆரடா நீ?” என்றுதான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்த மனிதர் யோகர். உங்களைப் போல ஓர் அரச உத்தியோகத்தர். கேட்டவரையோ அப்போது ஊரில் பலர் விசரர் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பின்னாளில் தன்னைத் தேடிச் சனம் கொழும்புத்துறைக் குடிலுக்கு வரத் தொடங்கியபோது, சிலரை யோகர் ஏசிக் கலைத்த கதைகளும் நிறைய உண்டு.

உங்கள் மகன் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். சனிக்கிழமைப் பிள்ளைகள் வந்தார்களா என்பதையும், அவனுக்கு என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். தோட்டத்து வெங்காயம் எப்படி என்றும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அக்கா